சனிக்கிழமை காஞ்சனபுரிப் பயணம்

வணக்கம் உறவுகளே. காலை 6 மணிக்குப் பாங்காக் விடுதி வாசலில் வேன் நிற்கும். வழிகாட்டியும் உடன் வருகிறார். முதலில் போர்க் கல்லறைத் தோட்டம். வரிசை வரிசையாக, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி மாண்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் பெயர்கள். 1942-43இல் ஜப்பானியரின் 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட நம் தமிழர்களுக்கு அங்கே கல்லறை இல்லை. அவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்போம்.

அதே ரயில்பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை. அப்புறம் ரயில். இடப்பக்கம் உட்காருங்கள்: தாம் க்ராசேயில் பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊரும்போது கீழே குவாய் நொய் ஆறும் மிதவை வீடுகளும் தெரியும். மதியச் சாப்பாடும் மிதவையில்தான்.

வருபவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள். தொப்பி அவசியம், வெயில் கடுமை.