கர்ணப்புறா போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கு

மதுரையில், பறக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டபடி இறங்கும் கர்ணப்புறாக்களுக்குப் போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கும், வருஷா வருஷம் ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்கும் தம்பிகளுக்கும், செல்லூர் மொட்டைமாடி ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.

போன மாசியில் எங்கள் வீட்டு ஆறு மாதப் புறா ஒன்று செத்துப்போனது. காலை ஆறரை மணிக்குக் கூட்டத்தோடு கிளம்பி, தத்தனேரிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு, சரியாக எங்கள் தலைக்கு மேலே வந்து கர்ணம் போட்டது. என்ன வேகம்! இறக்கை எது, வால் எது என்று தெரியவில்லை. நடுவில் ஓட்டை விழுந்த வளையம் ஒன்று உருண்டு வருகிற மாதிரி இருந்தது. பக்கத்து மாடிப் பையன் விசில் அடித்தான். அந்த விசில் முடிவதற்குள் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மூடியில் 'டப்' என்று சத்தம்.

அதன் தாயும் தகப்பனும் போட்டியில் பேர் வாங்கிய ஜோடி என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஜோடி முந்தைய அடைகளில் பொரித்த குஞ்சுகளில் மூன்று இதே மாதிரி அடிபட்டுச் செத்த கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாம் ஜோடி போடும்போது கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் இறங்குச்சு?" என்பதுதான். எங்கே நிறுத்தியது, நிறுத்தியதும் நேராகக் கூட்டத்துக்குத் திரும்பியதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். கர்ணம் ரத்தத்தில் வருவது. ஆழமாக இறங்கும் ஆணையும் ஆழமாக இறங்கும் பெட்டையையும் சேர்த்தால் பிள்ளைகளில் சிலதுக்கு அது அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகிறது. நிறுத்தத் தெரியாமல் தரைக்கு வருகிறது. ஒரு பக்கம் ஆழம் இருந்தால் மறுபக்கம் அளவாக, சுத்தமாகப் போடுகிற பறவை வேண்டும்.

அப்புறம் அவசரம். நாலைந்து மாதத்தில் அசத்தும் குஞ்சை உடனே ஜோடிக் கூண்டில் அடைத்துவிடுகிறோம். இறகு உதிர்த்து முடித்த அடுத்த வருஷம் அதே பறவை கட்டுப்பாடு இழக்கலாம். மந்தமாக இருந்த அதன் உடன்பிறப்பு அப்போதுதான் கர்ணத்துக்கு வரலாம். இரண்டு பருவம் பறக்கவிட்டுப் பார்க்காமல் நான் இப்போது எதையும் அடைக்கு வைப்பதில்லை. கண்ணும் நிறமும் அழகாக இருக்கிறது என்று வைத்த காலமும் உண்டு, மறைக்கவில்லை.

மொகலாய ராஜா அக்பர் இனம் மாற்றி ஜோடி சேர்த்தவர்தான். அவரிடம் இருபதாயிரத்துக்கும் மேல் புறா இருந்ததாம். போனால் போகட்டும் என்று இருந்திருப்பார். நமக்கு மாடியில் முப்பது.

அதனால் போட்டி நடத்துகிற உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். பிறந்த வருஷம் பொறித்த கால் ரிங் இல்லாத புறாவைச் சேர்க்காதீர்கள். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது மாட்டுகிற மூடிய வளையத்தைப் பெரிதான பிறகு மாட்ட முடியாது, வயதில் ஏமாற்றவும் முடியாது. இன்னொன்று, தரையிலோ கூரையிலோ ஒரு பறவை அடித்தால் அந்தக் கூட்டத்துக்கு மதிப்பெண் குறையுங்கள். பரிசு போகும் என்றால் ஜோடி போடுகிறவர் கை தானாக நிதானமாகும். கைதட்டல் கொஞ்சம் குறையும், தெரியும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். விற்கும்போது புறாவோடு அதையும் கொடுத்துவிடுகிறேன். விழுந்த குஞ்சுகளின் பக்கத்தை அதிலிருந்து கிழிப்பதில்லை.

இப்படிக்கு,
செல்லூர்க்காரன்