அக்டோபர் 12-இல் 10 நிமிடம்: கப்பல் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கப்பல் பட்டறை நிர்வாகிகளுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் பெயரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1978 அக்டோபர் 12, ஜூரோங் கப்பல் பட்டறை. அந்தக் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டார்கள். 69 பேர் காயமடைந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய தொழில் விபத்து நடந்ததில்லை. இந்த ஆண்டும் அந்தத் தேதி வந்து போனது. பட்டறை ஒன்றில் அன்று காலை வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் கூட்டம்) தலைக்கவச வாரைப் பற்றிப் பேசினார்கள், லாரியில் ஏறும் வரிசையைப் பற்றிப் பேசினார்கள். அந்த 76 பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூட்டம் கலைந்ததும் ஆட்கள் இரும்பு வெட்டும் கட்டிங் டார்ச்சோடு டேங்குக்குள் இறங்கினார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: ஒவ்வோர் அக்டோபர் 12-ஆம் தேதியும் வேலை தொடங்குமுன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைத் தொழிலாளியின் மொழியிலேயே சொல்லுங்கள்.

ஏன் நடந்தது என்பது தெரியாமல் செய்யும் அஞ்சலியால் யாரையும் காப்பாற்ற முடியாது. வெடித்தது கப்பலின் சொந்த எரிபொருள் டேங்க். கப்பல் எரிஎண்ணெய் 60 பாகை செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் ஆவியை விடக் கூடாது. ஆனால் அந்த எண்ணெயில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததை விசாரணை கண்டறிந்தது. கச்சா எண்ணெயின் இலேசான பகுதி சாதாரண வெயிலிலேயே ஆவியாகி நிற்கும். கட்டிங் டார்ச்சின் பொறி அதைப் பற்றவைத்தது. டேங்குக்கும் என்ஜின் அறைக்கும் நடுவிலிருந்த இரும்புச் சுவர் கிழிந்து, எரியும் எண்ணெய் என்ஜின் அறைக்குள் பாய்ந்தது. மதிய உணவு முடிந்து ஆட்கள் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இந்தப் பக்கம் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. வாயுச் சோதனையில் முதலில் ஆக்சிஜன், பிறகு தீப்பற்றும் ஆவி, அதன் பிறகு நச்சு வாயு. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால் ஆவி அளக்கும் மீட்டரே தவறாகக் காட்டும், அதனால்தான் அந்த வரிசை. எண்ணெய் ஆவி கனமானது, அடியில் தங்கும். மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். காலையில் சுத்தமாக இருந்த டேங்க் மதியம் அப்படியே இருக்காது. அடியில் காய்ந்து கிடக்கும் எண்ணெய்ச் சேறு சூடுபட்டாலோ கிளறப்பட்டாலோ மறுபடி ஆவி விடும். சாப்பிட மேலேறும்போது டார்ச்சையும் அதற்கு வாயு கொண்டுவரும் ஹோஸையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இறங்கும் முன் மறுபடி அளக்க வேண்டும்.

இப்போது டேங்குக்குள் இறங்கும் மேன்ஹோல் வாசலில் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் பெர்மிட்டை, அதாவது உள்ளே வேலை செய்வதற்கான அனுமதித் தாளைப் பாருங்கள். முழுக்க ஆங்கிலம். மன்னார்குடியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ வந்த தம்பிக்கு அதில் படிக்க முடிவது தன் பெயரும் எண்களும்தான். 19.5, 23.5, 10 என்ற எண்கள் அவன் கண்ணில் படுகின்றன. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஆபத்து, இன்னும் குறைந்தால் மயங்கி விழுவோம், 23.5-ஐத் தாண்டினால் டார்ச்சின் ஆக்சிஜன் ஹோஸ் கசிந்துகொண்டிருக்கலாம், உடுத்திய துணியே பொறியில் பற்றும், ஆவி வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே உள்ளே இறங்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சொல்லாமலேயே கையெழுத்து வாங்குகிறீர்கள். விபத்து நடந்தால் அந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவீர்கள்.

தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. இருந்தும் எச்சரிக்கைப் பலகைகளில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாகச் சிதறிக் கிடப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் போதும். 10 நிமிடம் கேட்டால் கப்பல் டாக்கை விட்டுப் போக வேண்டிய தேதியைச் சொல்கிறீர்கள். ஸ்பைரோஸுக்கும் அப்படி ஒரு தேதி இருந்திருக்கும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. அடுத்த அக்டோபர் 12-ஆம் தேதி காலையில் 10 நிமிடம் கொடுங்கள். அன்றிலிருந்து மேன்ஹோல் வாசலில் ஆங்கிலப் பெர்மிட்டின் பக்கத்தில் ஒரு தமிழ்த் தாளும் தொங்கட்டும். ஒரே பக்கம்தான் வரும். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கப்பல் பட்டறைத் தமிழ்த் தொழிலாளர்கள் சிலர்