நூறு வயதில் படியேறியவர்

கோபே, ஜப்பான்,
12-1-2025

அன்புள்ள ஆச்சிக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். பொங்கலன்று எனக்கு இரவுப் பணி என்பதால் இன்றே எழுதுகிறேன். இரண்டு காலுறை போட்டும் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. அம்மா தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பாள். ஆகவே சம்பளக் கதை வேண்டாம்.

முதியோர் இல்லத்தில் முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இங்கே பாட்டியை ‘ஒபாச்சான்’ என்பார்கள். அதற்குள் ஆச்சி ஒளிந்திருப்பதுபோல் என் காதில் விழுந்தது. எல்லாரையும் அப்படியே கூப்பிட்டேன். "அவர்கள் உனக்குப் பாட்டி இல்லை. குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துச் சொல்" என்று மூத்த பணியாளர் தனியே அழைத்துச் சொன்னார்.

இப்போது இங்கே எல்லார் வாயிலும் டோமிகோ இட்டோகா பேச்சுதான். உலகிலேயே வயதில் மூத்தவராக இருந்தவர். 1908 மே மாதம் ஒசாகாவில் பிறந்து, டிசம்பர் 29 அன்று பக்கத்து ஊரான அஷியாவில் 116 வயதில் காலமானார். வாழைப்பழமும், நம் மோர்போல் வெளுத்திருக்கும் கல்பிஸ் என்ற இனிப்புப் பானமும் அவருக்குப் பிடிக்குமாம். உடன் வேலை செய்பவள் ஒரு சீப்புப் பழம் வாங்கி வைத்திருக்கிறாள். பழத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தால், தோட்டம் நிறைய வாழை வைத்த தாத்தா எழுபதில் போயிருப்பாரா?

எனக்கு அவர் கால்கள்தான் ஆச்சரியம். போர்க்காலத்தில் கொரியாவில் கணவரின் துணி ஆலை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர். 1979-இல் கணவர் இறந்தபின் நாராவில் தனியாக இருந்தார். 3,067 மீட்டர் உயர ஒன்டாக்கே மலையில் இரண்டு முறை ஏறினார், அதுவும் சாதாரண கேன்வாஸ் ஷூவில்! வழிகாட்டி திகைத்துப்போனாராம். எண்பது வயதுக்கு மேல், கன்னோனுக்குரிய 33 பௌத்தக் கோவில்களின் சைகோக்கு யாத்திரையை இரண்டு முறை முடித்தார். கோவிலுக்குக் கோவில் யாத்திரைப் புத்தகத்தில் தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை இட்டுத் தருவார்கள்.

கன்னோன் யார் தெரியுமா? பௌத்தத்தில் கருணையின் வடிவான நம் அவலோகிதேசுவரர்தான், இங்கே பெரும்பாலும் அம்மன் சாயலில் இருக்கிறார். யாத்திரையின் முதல் கோவில் நாச்சி அருவிக்கு அருகில். அதே நாச்சியில் ஃபுதராக்குசான்ஜி என்று இன்னொரு கோவில். ஃபுதராக்கு என்பது அவலோகிதேசுவரரின் போதலக மலை. அது நம் பொதிகைதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நீங்கள் தினமும் வாசலில் நின்று பார்க்கும் மலை, ஆச்சி!

நூறு வயதில் அவர் அஷியாவில் இருக்கும், ஜப்பானியரின் பழைய மதமான ஷிந்தோவின் கோவில் கல்படிகளைக் கைத்தடி இல்லாமல் ஏறினாராம். போன விடுமுறையில் நானும் போனேன். இருபத்தாறு வயதில் எனக்கு மூச்சு வாங்கியது. மேலே யாரும் இல்லை. இட்டோகா சான் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது ஒபாச்சான்.

படித்துறைக்கு நீங்கள் போவதையே விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். நான் அனுப்பிய முழங்கால் பட்டை பீரோவுக்குள்தானே இருக்கிறது? எடுத்துக் கட்டிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்தாவது இரண்டு படி இறங்குங்கள். ஏப்ரலில் வருகிறேன்.

உங்கள் பேத்தி,
செல்வி