பின்னோக்கி வைக்கும் அடி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில், “விழுந்தது காணும் அம்மா, அந்தச் சீன வகுப்பு ஒன்றும் வேண்டாம், பேசாமல் வீட்டிலே இருங்கோ” என்று சொன்னபோது நான் மறுத்து ஒன்றும் கதைக்கவில்லை. மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சியான தாய்ச்சி வகுப்புக்கு இரண்டு மாதமாகப் போய் வருவதை உனக்கு மறைத்தது என் பிழைதான். ஆனால் பேசாமல் வீட்டிலே இருந்தும் பார்த்துவிட்டவள் நான். அதனால் வந்தது என்னவென்று உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

சித்திரை மாதம் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டபோது, கொடியில் விரித்த போர்வை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அடி பின்னால் வைத்தேன். குதிக்கால் தண்ணீர்க் குழாயில் தட்டுப்பட, கையை ஊன்றியபடி விழுந்தேன். மணிக்கட்டுக்கு ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஆறு கிழமையும், அதற்குப் பின் இன்னும் ஆறு கிழமையும், அப்பா என்னைக் கதிரையை விட்டு அதிகம் எழும்ப விடவில்லை. முறிந்தது கை, மெலிந்தது கால். சமையலறையிலிருந்து வாசலுக்குப் போவதற்கே சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். கைக்குப் பயிற்சி தந்த பெண்தான், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்தால் தசை தளரும், தசை தளர்ந்தால் சமநிலை குலையும், பிறகு விழுவதற்குக் குழாய்கூடத் தேவையில்லை என்று விளங்கப்படுத்தி, எங்கள் பகுதி மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் வகுப்பின் விவரத்தை எழுதித் தந்தார்.

நாங்கள் பதினைந்து பேர் அளவில் வருகிறோம். கிரேக்கர், லெபனானியர், சீனர், எங்கள் ஆட்களில் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கதிரை போட்டிருக்கும். பொல்லுடன் வரும் ஒரு ஐயா பாதி வகுப்பை இருந்தபடியே செய்வார். பார்ப்பவர்களுக்கு இது நித்திரையில் நடப்பதைப் போலத்தான் தெரியும். அப்பாவும் முதல் நாள் வாசலில் நின்று சிரித்தவர்தான். ஆனால் முழங்காலைச் சற்றே மடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் இடக்காலுக்கு மாற்றி, வலக்கால் வெறுமையாகிவிட்டது என்று உறுதியான பின்பே அதைத் தூக்க வேண்டும் என்னும்போது, அந்த மெதுவுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறதென்று தொடைக்குத் தெரியும். வேகமாக நடக்கும்போது மறைந்துபோகும் தடுமாற்றம் மெதுவாக நடக்கும்போது மறையாது.

“குரங்கை விரட்டுதல்” என்று ஓர் அசைவு இருக்கிறது. ஒரு கை முன்னே தள்ள, கால் பின்னே போக வேண்டும்: முதலில் விரல் நுனி நிலத்தைத் தொட்டுப் பார்க்கும், பிறகு குதிக்கால் இறங்கும், பாரம் கடைசியாகத்தான் போகும். நான் கொடியடியில் செய்ததற்கு நேர் எதிர். முதல் மூன்று கிழமையும் அந்த இடம் வந்தால் கதிரையைப் பிடித்துக்கொள்வேன். இப்போது பிடிப்பதில்லை.

நீ கணக்குக் கேட்கும் பிள்ளை, அதையும் சொல்கிறேன். இங்கே மத்திய சிட்னியில் 60 வயதைக் கடந்த 702 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கிழமைக்கு ஒரு மணி நேரமாக 16 வாரம் பழகியவர்கள், 24 வாரக் கணக்கில், பழகாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக விழுந்தார்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 670 பேருடன் நடந்து 2018இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் அதில் சேர்ந்தவர்கள் 70 வயதைக் கடந்து, முந்திய ஆண்டில் விழுந்தவர்கள் அல்லது நடமாட்டம் குறைந்தவர்கள். கிழமைக்கு இரு முறை, 24 வாரம். வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களுடன் ஒப்பிட்டால் தாய்ச்சிக்காரர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. ஆகவே, விழுந்தவள் போகக் கூடாது என்று நீ சொல்வதைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. நான் கிழமைக்கு ஒரு நாள்தான் போகிறேன் என்பதே இப்போது என் குறை.

இதனால் எல்லாம் தீரும் என்று நான் நினைக்கவில்லை. எழும்பும்போது தலை சுற்றினால் இரத்த அழுத்தக் குளிசையைப் பற்றி வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். குளியலறைப் பிடியை அப்பா பூட்டிவிட்டார். அந்தக் குழாயும் இப்போது சுவரில் சுருட்டித் தொங்குகிறது. ஆனால் போன வெள்ளி மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில், தூணையும் பிடிக்காமல் அப்பாவின் தோளையும் பிடிக்காமல், ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றினேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார், பாவம்.

உன் மாமியைப் பற்றியும் யோசித்தேன். பனிக்காலம் வருகிறது என்று நீங்கள் அவரை ஐப்பசியிலேயே கதிரையில் இருத்திவிடுவீர்கள். மொய் லின் ஷின் என்பவர் 1970இல் தாய்ச்சிச் சங்கம் தொடங்கியது உங்கள் டொரொன்டோவில்தான். அவர்களுடைய வரிசை 108 அசைவுகள் கொண்டது, முழுவதையும் மாமி பழக வேண்டியதில்லை. தொடக்க வகுப்போ இருந்தபடி செய்யும் வகுப்போ கிட்ட எங்கே நடக்கிறது என்று விசாரி. முதல் நாள் நீயும் கூடப் போய்ப் பக்கத்தில் நில்.

சனிக்கிழமை நீ தொலைபேசி எடுப்பதானால், உங்கள் வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எடு. அதற்கு முன் நான் மண்டபத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா