வெள்ளச்சிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

இராயபுரம் கல்மண்டபம் பக்கத்து எங்கள் தெருக்காரர்களுக்கும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்கள் பூனையைப் பார்த்த டாக்டர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வெள்ளச்சி இப்போது நன்றாக இருக்கிறாள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எடை ஏறியிருக்கிறது. முதுகில் வழுக்கை விழுந்த இடத்தில் புது முடி முளைத்துவிட்டது. ராத்திரி கத்தல் நின்றுபோய் அம்மா தூங்குகிறாள். இதில் எங்கள் கை கொஞ்சம்தான், மீதி எல்லாம் உங்களுடையது.

முதல் நன்றி மீன்கார அக்காவுக்கு. 13 வயதுப் பூனைக்கு முடி கொட்டினால் எல்லோரும் வெயிலையும் வயதையும்தான் சொல்வார்கள். பெட்ஷீட்டில், துவைத்துக் காயப்போட்ட புடவையில், சோற்றுத் தட்டில்கூட வெள்ளை முடி. தடவினால் கொத்தாகக் கையோடு வந்தது. “வயசாயிடுச்சி, இனிமே இப்டித்தான்” என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். நீங்கள்தான் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிப் பார்த்து, “இன்னாம்மா இது, துன்றதெல்லாம் எங்க போவுது? எலும்பு தட்டுதே!” என்று கேட்டீர்கள். நன்றாகத் தின்றும் இளைக்கிறாள் என்பதுதான் முக்கியமான சங்கதி என்று பிறகு டாக்டரம்மாவும் சொன்னார். அக்கா, காசிமேட்டிலிருந்து கூடை தூக்கி வந்து நிற்கக்கூட நேரமில்லாத உங்களுக்கு அது கண்ணில் பட்டதே, அதை நான் மறக்க மாட்டேன்.

டாக்டரம்மா, நீங்கள் வெள்ளச்சியைப் பார்த்த விதத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. வெளியே நாய்களும் ஆடுகளும் கன்றுக்குட்டிகளும் காத்திருந்த கூட்டத்தில், நீங்கள் அவசரப்படவே இல்லை. கூடையைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைக்கச் சொன்னீர்கள், நாய்கள் கண்ணில் படாமல் துண்டு போட்டு மூடச் சொன்னீர்கள். அவள் அடங்கியதும் முகவாய்க்கட்டையைத் தூக்கி, தொண்டையின் இரண்டு பக்கமும் விரலை மேலும் கீழும் ஓட்டினீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. என் விரலையும் பிடித்து அங்கே வைத்தீர்கள். தோலுக்கு அடியில் சின்ன உருண்டை ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினீர்கள். பூனைக்கு நிமிடத்துக்கு 140 முதல் 220 வரை துடிக்கலாம், இவளுக்கு அதையும் தாண்டி ஓடுகிறது என்றீர்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. 10 வயதைத் தாண்டிய பூனைகளிடம் அடிக்கடி பார்க்கிற நோய்தான் இது என்று சொல்லி எங்கள் பயத்தைப் போக்கினீர்கள். உடம்பு ஓய்வே இல்லாமல் எரித்துக்கொண்டிருப்பதால்தான் தின்றும் இளைக்கிறாள், தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், ராத்திரி கத்துகிறாள், முடியும் பளபளப்பு போய் உதிர்கிறது என்று எல்லாவற்றையும் கோர்த்துச் சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் தனித்தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அத்தனைக்கும் வேர் ஒன்றே! உதிர்ந்த முடியை நக்கி விழுங்கிவிட்டு உருண்டையாக வாந்தி எடுத்ததும் அதனோடு சேர்ந்ததுதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே எச்சரித்தீர்கள். தைராய்டு கூடியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டமும் கூடியிருக்கும், அதனால் அங்கே இருக்கிற கோளாறு வெளியே தெரியாது, மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு தெரியலாம், ஆகவே மறுபடியும் ரத்தம் எடுக்க வாருங்கள் என்றீர்கள். அதேபோல, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் இடிந்துபோகவில்லை. சாப்பாட்டை மாற்றினோம், வீட்டில் மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். அவ்வளவுதான்.

மாத்திரையை எழுதும் முன் “வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா?” என்று கேட்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது, மணல் தட்டையும் அவர் அள்ளக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தீர்கள். பூனையைப் பார்க்கிற இடத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணையும் நினைத்தீர்கள்.

பயிற்சியில் இருந்த தம்பிக்கும் நன்றி. வெள்ளச்சிக்கு இடுப்பு மூட்டில் தேய்மானம். உடம்பை வளைத்துப் பின்பக்கத்தை நக்க முடியாததால் அங்கே முடி சடை பிடித்துப் பாய் போல ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலை வைத்தால் பூனையின் மெல்லிய தோலும் சேர்ந்து வெட்டுப்படும் என்று சொல்லி, மெஷினை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தீர்கள். அவள் சீறியபோதெல்லாம் நிறுத்திவிட்டு, “சரி சரி, முடிஞ்சிடுச்சி பாட்டி” என்று பேசிக்கொண்டே செய்தீர்கள். கடைசிச் சடை வந்ததும் உடம்பை உதறிக்கொண்டு நடந்தாள். அந்த நடையைப் பார்த்து அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

ஆட்டோ அண்ணன், பேரம் பேசாமல் வந்ததற்கும், குழி மேட்டில் மெதுவாக ஓட்டியதற்கும், மருத்துவமனை வாசலில் காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்க மறுத்ததற்கும் நன்றி.

மருந்துக்கடை பாய், வெள்ளச்சியின் தைராய்டு மாத்திரையான கார்பிமசோல் தீர்ந்துபோகும் முன்பே எங்களுக்கென்று அட்டை எடுத்து வைத்தீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கேட்டு வந்த ஒருவரை, “பூனைக்கு அது விஷம், டாக்டர்கிட்ட போங்க” என்று நீங்கள் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். ஒரு பூனையின் உயிர் அன்று உங்கள் கடை வாசலில் தப்பியது.

மீன்கார அக்காவுக்கு மறுபடியும் வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, மீன் விலை கேட்கவே முடியாது. அப்போதும் சின்னப் படகில் வந்த மீனில் ஒரு கைப்பிடி இவளுக்கென்று கொண்டுவந்தீர்கள். சிறுநீரகத்தை நினைத்து டாக்டரம்மா மீனை அளவாகத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆகவே உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் அவித்து, ஒரு துண்டை மட்டும் அவளுடைய சாப்பாட்டின் மேல் உதிர்த்துவிடுகிறோம். அந்த வாசனைக்கே தட்டைக் காலி செய்துவிடுகிறாள்.

எதிர்வீட்டு ஆயா, முதல் தடவை வேப்பேரிக்குப் போனபோது நீங்கள் கொடுத்த மூடி போட்ட கூடையைத் திருப்பித் தர வந்தேன். “உன்னாண்டயே இருக்கட்டும், தெருவுல யாருக்காவது ஒதவும்” என்று சொல்லிவிட்டீர்கள். கழுவி, வெயிலில் காயவைத்து, எங்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். யாருடைய பூனைக்கு எப்போது தேவைப்பட்டாலும் கதவைத் தட்டுங்கள். மூடத் துண்டும் உள்ளேயே இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமானால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
வெள்ளச்சியின் வீட்டார்
இராயபுரம்