சோலார் ஹீட்டர் டேங்க் செய்யும் மதுரைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

இரண்டு மூன்று வருடத்தில் டேங்க் கசிந்து திரும்பி வந்தால், பட்டறையில் முதலில் சொல்வது “தகடு மட்டம்”. அடுத்தது, “உங்க போர் தண்ணி உப்பு”. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்சம் உங்கள் ஆர்கான் வெல்டிங் மேசையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கசிந்த டேங்கைக் கூர்ந்து பாருங்கள். தகடு மெலிந்திருக்காது, துருவும் பெரிதாக இருக்காது. குழாய் மாட்டும் நிப்பிளின் வெல்டிங்கை ஒட்டி, சில மில்லிமீட்டர் தள்ளி, மயிரிழை போல ஒரு கோடு. அதன் வாயில் வெள்ளைப் பொருக்கு. மெல்லிய விரிசலைச் சாயத்தால் காட்டிக்கொடுக்கும் டை பெனட்ரன்ட் கிட் வாங்கி, இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து 20 நிமிடம் விடுங்கள். துடைத்துவிட்டு டெவலப்பர் அடித்தால், ஒற்றைக் கோடாகத் தெரிந்தது நாலைந்து கிளையாக விரியும். வெறும் அரிப்பு என்றால் குழி விழுந்திருக்கும். வெறும் இழுப்பு என்றால் தகடு நெளிந்த பிறகுதான் கிழியும். கிளைவிட்ட விரிசலோ அரிப்பும் இழுப்பும் கூட்டுச் சேர்ந்து செய்தது.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து இல்லை. 450 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தகடு, 3 மீட்டர் மேலே ஓவர்ஹெட் டேங்க் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தகட்டில் விழும் இழுவிசை சுமார் 7 மெகாபாஸ்கல். டேங்குக்குப் போடும் 304 ரக எவர்சில்வர் தகடு நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கே குறைந்தது 205 மெகாபாஸ்கல் வேண்டும். ஆனால் வெல்டிங் ஆறும்போது உள்ளே பூட்டிக்கொள்ளும் இழுவிசை அந்த 205-ஐ ஒட்டி வந்துவிடும். 304 சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஓரிடத்திலேயே தேங்கி, ஆறும்போது சுற்றியுள்ள தகட்டைப் பிடித்து இழுக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் படும் முன்பே டேங்க் விறைத்து நிற்கிறது.

பிறகு தண்ணீரின் உப்பில் இருக்கும் குளோரைடு வருகிறது. எவர்சில்வரைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். இழுவிசை அதைக் கீறுகிறது. குளோரைடு அது மறுபடி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. விரிசலின் நுனி மட்டும் கரைந்துகொண்டே போகும், பக்கச் சுவர் படலத்தோடு பத்திரமாக இருக்கும். அதனால்தான் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. 60 டிகிரிக்கு மேல் இது வேகம் பிடிக்கும். சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டு மாடியில் அந்தச் சூடு வெகு சாதாரணம்.

இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500 குடிநீரில் குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்கிறது; வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1000 வரை விடுகிறது. அது குடிக்கிறவருக்கான கணக்கு, டேங்குக்கானது இல்லை. சாஃப்ட்னர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்காதீர்கள். அது சுண்ணாம்பை எடுக்கும், குளோரைடைத் தொடாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே நனைந்து காயும் இடத்திலும் இடுக்கிலும் உப்பு பல மடங்கு செறிந்துவிடும். செறிந்துவிட்டால் சூடுகூடத் தேவையில்லை. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நீச்சல்குளக் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கான்கிரீட் கூரையைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் இப்படித்தான் வெடித்திருந்தன.

ஆகவே தகட்டின் மேல் தகடு ஏற்றி ஒட்டும் மூட்டை விடுங்கள். முட்டுமூட்டு போடுங்கள், இடுக்கு இருக்காது. கரண்டைக் குறைத்து, ஒரே பக்கம் ஓட்டாமல் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி வையுங்கள். உள்பக்கமும் ஆர்கான் கொடுங்கள். கறுத்த இடத்தைக் கிரைண்டரால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பில் இன்னொரு இழுப்பு ஏறும். வெல்டிங் கறையை எடுக்கும் பிக்ளிங் பேஸ்ட் தடவி நன்றாகக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது ஹைட்ரோகுளோரிக், குளோரைடை நாமே ஊற்றுவது மாதிரி. பிரஷர் டெஸ்ட் பார்த்த தண்ணீரை அன்றே வடித்துக் காயவிடுங்கள். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி இழுப்பை எடுக்கலாம் என்பதும் நடக்காது: 450-லிருந்து 850 டிகிரிக்குள் 304 வேறு விதமாகக் கெடும்.

கசிந்த இடத்தில் ஒட்டு போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். கண்ணுக்குத் தெரியும் கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருக்கும், புது வெல்டிங் புது இழுப்பைக் கொடுக்கும். ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். அந்த மூடியையே வெட்டி மாற்றுங்கள்.

தகடு விஷயம் கடைசி. கார்பன் குறைந்த 304எல் இந்த விரிசலுக்கு மருந்தில்லை. மாலிப்டினம் சேர்த்த 316எல் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 304-இல் இருக்கும் 8 சதவீத நிக்கல்தான் இந்த நோய்க்கு ஆகத் தோதான அளவு. நிக்கல் சேர்க்காத 444 தகடு இதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் காந்தம் ஒட்டும். வாடிக்கையாளர் காந்தத்தை வைத்துப் பார்த்து “டூப்ளிகேட்” என்று சண்டைக்கு வருவார் என்று பயந்தே பலர் அதைத் தொடுவதில்லை. பில்லில் தகட்டின் கிரேடை எழுதிக் கொடுங்கள். ஆர்டர் எடுக்கும்போது மொத்த உப்பை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு நிற்காமல், லேபில் கொடுத்து குளோரைடு அளவையும் கேட்டு வாங்கி அதன் கீழேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உலோகமும் வெல்டிங்கும் தொழிலாகக் கொண்ட சிலர், மதுரை