பில்லியனுக்கு எத்தனை சைபர்?

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்தது. ஹாம்பர்க்கில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், இங்கே தண்டையார்பேட்டையில் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார்கள்.

மில்லியனுக்கு அடுத்தது மில்லியார்டே என்று டீச்சர் சொல்ல, இல்லை பில்லியன்தான் என்று யூடியூபில் கேட்டுவிட்டு வந்து உன் மகள் சண்டை போட்டாளாமே. இரண்டுமே சரிதான்டா. அமெரிக்காவில் பில்லியன் என்றால் ஒன்பது சைபர், நம் கணக்கில் 100 கோடி. அதைத்தான் ஜெர்மனியில் மில்லியார்டே என்கிறார்கள். அங்கே பில்லியோன் என்றால் பன்னிரண்டு சைபர், அதாவது லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! பிரிட்டனிலும் முன்பு பன்னிரண்டு சைபர்தான். 1974-ல் பிரதமர் ஹரால்ட் வில்சன், இனி அரசாங்கக் கணக்கில் ஒன்பது சைபர்தான் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார், அதனால் பழைய இங்கிலாந்துப் புத்தகத்தில் பில்லியன் என்று பார்த்தால் அது எந்த வருஷத்துப் புத்தகம் என்று முதலில் பார்க்க வேண்டும். 1923 நவம்பரில் உங்கள் ஊரில் விலைவாசி தறிகெட்டுப் போய் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் ஆனதே, அதை ஜெர்மனியில் 4.2 பில்லியோன் என்பார்கள், அமெரிக்காவில் 4.2 ட்ரில்லியன் என்பார்கள். ஜப்பானில் வேறு மாதிரி, நாலு நாலு சைபராகப் பிரித்து, பத்தாயிரத்துக்கு ஒரு பெயர், பத்துக் கோடிக்கு ஒரு பெயர், லட்சம் கோடிக்கு ஒரு பெயர்.

மண்ணடி ஆபீஸில் எனக்குத் தினமும் இதே வேலை. ஜெர்மனியிலிருந்து வரும் இன்வாய்ஸில் 1.250.000,00 என்று இருக்கும், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா, கமா இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி. சிங்கப்பூர்க்காரன் அதையே 1,250,000.00 என்று அனுப்புவான். நாங்கள் ரூபாயில் எழுதினால் 12,50,000. எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கும். புதிதாகச் சேரும் பையன்களிடம் கமாவை நம்பாதே, பைசாவைத் தள்ளிவிட்டு வலப்பக்கத்திலிருந்து பென்சிலால் மூன்று, அப்புறம் இரண்டிரண்டாகக் கோடு போட்டு வாய்விட்டுப் படி என்பேன். அப்படிப் படித்தால் தொகை எவ்வளவு என்பது மண்டையில் ஏறும்.

எனக்கு வருத்தம் நம் பத்திரிகைகள் மேல்தான். தமிழ்நாடு 2030-க்குள் ஒரு ட்ரில்லியன் டாலர் பொருளாதாரமாக வேண்டும் என்று எத்தனை முறை எழுதிவிட்டார்கள், அது லட்சம் கோடி டாலர் என்று கூடவே ஒரு வார்த்தை போட்டால் என்ன? காசிமேட்டு மீன் ஏலத்தில் நிற்கும் அக்காக்கள் ஆயிரமும் லட்சமும் மனக்கணக்காகவே போடுகிறவர்கள், கோடி என்றால் அவர்களுக்குப் புரியும், பட்ஜெட்டில் எது பெரிது எது சின்னது என்று அவர்களே சொல்வார்கள். ட்ரில்லியன் என்றதும் அந்தச் செய்தி அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அது அவர்கள் பணமும்தானே. கோடிக்கு மேலேயும் நம்மிடம் பெயர் இருந்தது, ஆம்பல், சங்கம் என்றெல்லாம் பரிபாடலில் வருகிறது. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, லட்சம் கோடி என்று எழுதினாலே போதும்.

மகளிடம் ஜெர்மன் ட்ரில்லியோனுக்குப் பதினெட்டு சைபர் என்று சொல், அடுத்த சண்டைக்கு உதவும். பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா இல்லையா, அதை முதலில் எழுது.

அன்புடன்,
செல்வம்